இணைப்பு, கட்டடம், ஆள்: முதல் வீட்டின் மூன்று கணக்குகள்

முதன்முறையாகத் தனி வீடு அமர்த்தும் ஒரு குடும்பம், அதுவரை பெற்றோரின் பொறுப்பிலோ விடுதி நிர்வாகத்தின் பொறுப்பிலோ இருந்த மூன்று கணக்குகளைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் ஒன்று, குடிநீரும் கழிவுநீரும் சேர்ந்தது மற்றொன்று, சமையல் எரிவாயு மூன்றாவது. தமிழ்நாட்டில் இவை வெவ்வேறு நிறுவனங்களின் கையில், வெவ்வேறு சட்டங்களின்கீழ், வெவ்வேறு தவணைகளில் இயங்குகின்றன. மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. எரிவாயுவுக்கோ ஒவ்வொரு சிலிண்டர் வரும்போதும் பணம் கொடுக்க வேண்டும்.

தவணை வேறுபாட்டைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மின்வாரியத்தின் ஏடுகளில் இருப்பது ஓர் இணைப்பு எண். குடிநீர் வாரியத்தின் ஏடுகளில் இருப்பது ஒரு கட்டடம். எரிவாயு நிறுவனத்தின் ஏடுகளில் இருப்பது ஒரு நபர். அந்த வீட்டுக்குள் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அடுப்புகள் எத்தனை, வருமானம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா என்பதை இம்மூன்று ஏடுகளில் எதுவும் முழுமையாகச் சொல்வதில்லை. குடும்பத்துக்கென்று அரசு ஒதுக்கும் சலுகைகளும் சட்டம் வகுக்கும் உரிமைகளும் இந்த மூன்று ஏடுகளின் வழியாகவே வந்து சேர வேண்டியிருப்பதால், அவை யாருக்கு முழுமையாகக் கிடைக்கின்றன, யாருக்குப் பாதியில் நின்றுவிடுகின்றன என்பதைப் பதிவின் அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த அமைப்பின் இயக்கத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின் இணைப்பு: சட்டமும் நடைமுறையும்

1957 ஜூலை 1 அன்று உருவான தமிழ்நாடு மின்சார வாரியம், 2010 நவம்பரில் பகிர்மானத்துக்கும் மின்தொடரமைப்புக்கும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. 2024இல் பகிர்மானப் பணி மட்டும் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. பெயர் எத்தனை முறை மாறினாலும் மக்கள் வழக்கில் அது இன்றும் ஈ.பி. அல்லது மின்வாரியம்தான். கட்டணத்தை நிர்ணயிப்பது வாரியம் அல்ல; 1999இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆணையம் நிர்ணயிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியை மாநில அரசு மானியமாக ஏற்றுக்கொள்வதால், நுகர்வோர் கட்டும் தொகை ஆணையத்தின் பட்டியலில் உள்ள தொகையைவிடக் குறைவாக இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் வழங்குவதைப் பகிர்மான நிறுவனத்தின் கடமையாக்குகிறது. விண்ணப்பிக்கும் தகுதி உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று என்பது இங்கே கவனிக்கத்தக்கது. 2020 டிசம்பரில் வந்த நுகர்வோர் உரிமை விதிகளும் 2024இல் அவற்றில் செய்யப்பட்ட திருத்தமும் இந்தக் காலவரையறையை இன்னும் சுருக்கி, பெருநகரங்களில் 3 நாள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊரகப் பகுதிகளில் 15 நாள் என வகுத்தன. மலைப்பகுதிகளுக்கும், புதிதாகக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க வேண்டிய இடங்களுக்கும் கூடுதல் அவகாசம் உண்டு.

விண்ணப்பத்துடன் சொத்துவரி ரசீது, கிரயப் பத்திரம் போன்ற உரிமை ஆவணம் கேட்கப்படுகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழும் தேவை. 4 கிலோவாட் வரையிலான இணைப்புச் சுமைக்கு ஒருமுனை இணைப்பும் அதற்கு மேல் மும்முனை இணைப்பும் தரப்படுகின்றன. விண்ணப்பத்தில் மின்விளக்கு, மின்விசிறி, மோட்டார் என்று பட்டியலிட்டுக் காட்டும் மொத்தச் சுமை பிறகு குளிரூட்டி (ஏ.சி.) வாங்கும்போது மாறிவிடும் என்பதால், அடுத்த சில ஆண்டுகளில் சேரவிருக்கும் சாதனங்களையும் கணக்கிட்டுச் சுமையைக் காட்டுவதே நல்லது. புதிதாக வீடு கட்டியவர்கள் மறந்துவிடக் கூடாத செய்தி ஒன்றும் உண்டு. கட்டுமானப் பணிக்குப் பெறும் தற்காலிக இணைப்புக்குரிய கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம். குடியேறியவுடன் அதை வீட்டு உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ளாத குடும்பம், மாற்றும் நாள் வரை கட்டுமானக் கட்டணத்தையே செலுத்த நேரிடும்.

500 யூனிட் என்னும் எல்லை

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி ஒன்று நாள்தோறும் 20 மணி நேரம் சுற்றினால் 60 நாட்களில் 90 யூனிட் ஆகிறது. 30 வாட்டில் ஓடும் புதுவகை மின்விசிறிக்கு அதே உழைப்பு 36 யூனிட்டில் முடிந்துவிடுகிறது. ஒன்றரை டன் குளிரூட்டி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுப்பதாகக் கொண்டால், இரவில் 8 மணி நேரம் என்ற கணக்கில் இரு மாதங்களுக்கு 480 யூனிட் வருகிறது. மற்ற எல்லாச் சாதனங்களும் சேர்ந்து எடுப்பதை அந்த ஒரு சாதனமே எடுத்துவிடக்கூடும்.

வீட்டுக் கட்டணம் படிநிலை முறையில் அமைந்தது. குறைவாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு யூனிட்டின் விலை குறைவு. பயன்பாடு கூடக்கூட அடுத்தடுத்த யூனிட்டுகளின் விலை கூடுகிறது. 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புகள் அனைத்துக்கும் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல், வீட்டு இணைப்புகளுக்கு அதுவரை இருந்த நிலைக்கட்டணத்தை நீக்கி, படிநிலைகளை மாற்றியமைத்தது. அதன்பின் விகிதங்கள் திருத்தப்பட்டிருந்தாலும், படிநிலை முறையின் தன்மையை விளங்கிக்கொள்ள 2022ஆம் ஆண்டுப் பட்டியலே போதுமானது என்பதால் இங்குள்ள கணக்குகள் யாவும் அதன்படியே போடப்பட்டுள்ளன.

அப்பட்டியலின்படி, இரு மாத மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்கு மிகாவிட்டால் முதல் 100 யூனிட் இலவசம்; 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் ரூ. 4.50 ஆகிறது, 401 முதல் 500 வரை ரூ. 6, 501 முதல் 600 வரை ரூ. 8, 601 முதல் 800 வரை ரூ. 9, 801 முதல் 1,000 வரை ரூ. 10, அதற்கு மேல் ரூ. 11.

இதன்படி 500 யூனிட்டுக்கு ரூ. 1,725 கட்ட வேண்டும். 501 யூனிட்டுக்கோ ரூ. 1,958 கட்ட வேண்டும். கூடுதலான ஒரே யூனிட்டுக்கு ரூ. 233 போவதற்குக் காரணம், அந்த யூனிட்டின் விலையான ரூ. 8 மட்டுமன்று, இரண்டாவது நூறு யூனிட்டுக்கு அதுவரை பாதி விலையில் கிடைத்துவந்த சலுகை ரத்தாகி ரூ. 225 சேர்ந்துகொள்கிறது. 2022க்கு முந்தைய பட்டியலில் இந்தத் தாண்டல் இன்னும் கடுமையாக இருந்தது. அப்போது 500 யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் உட்பட ரூ. 1,130; 501 யூனிட்டுக்கு ரூ. 1,786.60. 'ஐந்நூறைத் தாண்டினால் பில் எகிறிவிடும்' என்று வீடுகளில் பேசப்பட்டுவந்த அச்சம் கணக்குப்படி சரியானதே. 2022ஆம் ஆண்டுப் பட்டியல் பொதுவில் கட்டணத்தை உயர்த்தினாலும் இந்தத் தாண்டலின் உயரத்தைக் குறைத்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ரீடிங் எடுக்கும் நாளும் மாதாந்திரக் கணக்கும்

எல்லை இவ்வளவு கூர்மையாக இருக்கும்போது, கணக்கீட்டாளர் ரீடிங் எடுக்க வரும் நாளே பணமாகிவிடுகிறது. நாளொன்றுக்கு 8 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் 60ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், கட்டணம் ரூ. 1,605. கணக்கீட்டாளர் நான்கு நாள் தாமதமாக வந்தால் 512 யூனிட் ஆகி ரூ. 2,046 வந்துவிடும். அடுத்த முறை அவர் உரிய நாளில் வந்து 56 நாட்களுக்கு 448 யூனிட் எடுத்தாலும் அதற்கு ரூ. 1,413 ஆகிறது. இரு தவணைகளையும் கூட்டினால் ரூ. 3,459, தாமதம் நேராதிருந்தால் ரூ. 3,210. அதே 120 நாட்கள், அதே 960 யூனிட்; ஆனால் குடும்பம் ரூ. 249 கூடுதலாகக் கட்டியிருக்கிறது. எனவே முந்தைய ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் குறித்துவைத்திருப்பது, பில் சரியா என்று பார்ப்பதற்கான முதல் தேவை.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருந்துவருகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் அது ஒரு வாக்குறுதியாகவும் இடம்பெற்றது. ஆயினும் மாதக் கணக்கு வந்தாலே கட்டணம் குறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் ஏப்ரலில் 200 யூனிட்டும் மே மாதத்தில் 300 யூனிட்டும் செலவானதாகக் கொள்வோம். இருமாதக் கணக்கில் 500 யூனிட்டுக்கு ரூ. 1,725. படிநிலைகளைச் சரிபாதியாக்கி மாதந்தோறும் கணக்கிட்டால் ஏப்ரலுக்கு ரூ. 562.50, மே மாதத்துக்கு ரூ. 1,375 என மொத்தம் ரூ. 1,937.50 ஆகிவிடும். வெயில் மிகுந்த மாதத்தின் கூடுதல் செலவு மற்ற மாதத்தின் குறைந்த செலவோடு சராசரியாகிவிடும் வசதி இருமாதக் கணக்கில் இருக்கிறது. மாதக் கணக்கில் அது போய்விடுகிறது. மாறாக, படிநிலைகளைப் பாதியாக்காமல் அப்படியே வைத்து மாதந்தோறும் கணக்கிட்டால் இரண்டு மாதங்களுக்கும் சேர்த்து ரூ. 900தான் வரும். மிச்சமாகும் ரூ. 825ஐ அரசின் கருவூலமோ வாரியத்தின் இழப்புக் கணக்கோ ஏற்றாக வேண்டும். ஆகவே விவாதிக்க வேண்டியது கணக்கெடுக்கும் இடைவெளியைவிடப் படிநிலையின் அளவையே. இதைத் தெளிவாகச் சொல்லாமல் நடக்கும் விவாதத்தால் நுகர்வோருக்கு நன்மை விளையாது.

பில் எதிர்பாராமல் கூடினால் மீட்டரைப் பார்ப்பதிலிருந்து விசாரணையைத் தொடங்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்சாரம் ஓடும் அளவுக்கேற்ப மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்ற எண், எடுத்துக்காட்டாக 3200 என்று, அதன் அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்த பிறகும் அந்த விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் இடையே வயரிங்கில் கசிவோ, அங்கிருந்து வேறொருவருக்குப் போகும் கம்பியோ, மீட்டரிலேயே பழுதோ இருக்கிறது என்று பொருள். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கக் கேட்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. 2021 ஜூன் முதல் இயங்கும் மின்னகம் என்ற 24 மணி நேரப் புகார் மையத்தில் பதிவு செய்யலாம். அதிலும் தீராத புகாருக்கு ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரும் சட்டப்படி உள்ளனர்.

சலுகை சென்று சேரும் இடம்

படிநிலைக் கட்டணத்தின் நோக்கம் எளிய குடும்பங்களைக் காப்பது. ஆனால் அந்தக் காப்பு இணைப்பு எண்ணைக் கொண்டே அளக்கப்படுவதால், ஒரே மீட்டரைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களுக்கு அது எதிராகத் திரும்புகிறது. ஒரே வளாகத்தில் மூன்று ஒண்டுக்குடித்தன வீடுகள் இருந்து, ஒவ்வொன்றும் இரு மாதங்களுக்கு 150 யூனிட் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், தனித்தனி இணைப்பு இருக்கும் நிலையில் ஒவ்வொரு குடும்பமும் ரூ. 112.50 வீதம் மூன்றும் சேர்ந்து ரூ. 337.50 கட்டினால் போதும். மூன்றுக்கும் ஒரே இணைப்பு என்றால் 450 யூனிட்டுக்கு ரூ. 1,425 ஆகிறது. மின்சாரம் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் மூன்று குடும்பங்கள், வசதியான ஒரே குடும்பம்போலக் கணக்கிடப்படுகின்றன.

பல இடங்களில் வீட்டு உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே சீரான விலை வசூலிக்கிறார். அந்த விலை ரூ. 8 என்று கொண்டால், மேற்சொன்ன ஒவ்வொரு குடும்பமும் ரூ. 1,200 கொடுக்கும், மூன்றும் சேர்ந்து ரூ. 3,600 கொடுக்க, அதில் வாரியத்துக்குப் போவது ரூ. 1,425 மட்டுமே. இலவச 100 யூனிட்டுக்கும் விலை வைக்கப்படுகிறது. அரசு கருவூலத்திலிருந்து தந்த மானியம் வாடகைதாரரை வந்தடையாமல் வாடகையின் மற்றொரு வடிவமாகிவிடுகிறது. முதல் வீடு தேடும் இளம் தம்பதியர் வாடகைத் தொகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கும்போது, தனி மீட்டர் இருக்கிறதா, ரீடிங் பார்க்க அனுமதி உண்டா, யூனிட்டுக்கு என்ன விலை என்ற மூன்று கேள்விகளையும் அதே மூச்சில் கேட்டு, விடைகளை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாச் சேவைகளை உரிமையாளர் தடுத்து நிறுத்தக் கூடாது என்றும் கூறுகிறது. சேவையை நிறுத்துவதற்கு எதிரான இந்தப் பாதுகாப்பு அதன் விலையைப் பொறுத்தமட்டில் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதே வாடகைதாரரின் பெரிய குறை.

அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு இதே சிக்கல் பொது மீட்டரில் எழுகிறது. படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்கான இணைப்புக்கு 2022ஆம் ஆண்டுப் பட்டியல் யூனிட்டுக்கு ரூ. 8 என்ற தனிக் கட்டணத்தை விதித்தது. சிறு குடியிருப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு, 2023 நவம்பர் முதல், பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு அது ரூ. 5.50 ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டின் சொந்த பில்லில் தெரியாத இந்தச் செலவு பராமரிப்புத் தொகைக்குள் அடங்கிவிடுவதால், பராமரிப்புத் தொகையின் விவரத்தைச் சங்கத்திடம் கேட்டு அறிந்துகொள்வது வீடு வாங்குபவரின் கடமை.

வைப்புத்தொகை, பெயர் மாற்றம், பழைய பாக்கி

இணைப்பு பெறும்போது கட்டும் பாதுகாப்பு வைப்புத்தொகைக்கு ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 47ஆவது பிரிவு கூறுகிறது. அந்த வட்டி பில்லில் கழிக்கப்படும். பயன்பாடு கூடியிருந்தால் கூடுதல் வைப்புத்தொகை கேட்கப்படுவதும் உண்டு. அதைத் தண்டம் என்று எண்ணத் தேவையில்லை. அது நுகர்வோரின் பெயரிலேயே இருக்கும் பணம். கட்டணம் கட்டாவிட்டால் 56ஆவது பிரிவின்படி 15 முழு நாட்கள் முன்னறிவிப்புக் கொடுத்தே இணைப்பைத் துண்டிக்க முடியும்.

பழைய வீட்டை வாங்குவோருக்கு இவையனைத்தையும்விட முக்கியமானது, முந்தைய உரிமையாளரின் பாக்கி. கேரள மின்வாரியத்துக்கு எதிரான கே.சி. நினான் வழக்கில் 2023 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு, மின்வழங்கல் நிபந்தனைகளில் இடமிருக்குமானால், ஒரு கட்டடத்தின் முந்தைய பாக்கியைத் தீர்த்த பிறகே புதிய உரிமையாளருக்கு இணைப்புத் தருவோம் என்று பகிர்மான நிறுவனம் வலியுறுத்தலாம் என்று தெளிவுபடுத்தியது. கடனைச் செய்தவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்ற இந்த நிலை ஏற்படாமல் தடுக்க ஒரே வழி, கிரயத்துக்கு முன்பே இணைப்பு எண்ணை வாங்கி, நிலுவை இருக்கிறதா என்று சரிபார்த்து, கிரயம் முடிந்தவுடன் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதே. வில்லங்கச் சான்றிதழில் மின்கட்டணப் பாக்கி வராது.

தண்ணீரின் விலை

சென்னைப் பெருநகரக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978இல் தனிச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. அது வசூலிப்பவை இரண்டு: வரி, கட்டணம். வரி கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடு. ஆண்டு மதிப்பு என்பது அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வரும் என்று மாநகராட்சி சொத்துவரிக்காக மதிப்பிடும் தொகை. கட்டணம் இணைப்புக்கு உரியது. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், அது பயன்பாட்டை அளக்காமல் நிலையான தொகையாகவே வசூலிக்கப்படுகிறது. சொத்துவரியில் பெயர் மாறினால் குடிநீர் வரியிலும் தானாக மாறிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டு அலுவலகங்களிலும் தனித்தனியாகப் பார்த்துச் சரிசெய்துகொள்வதே பாதுகாப்பானது.

இரண்டு பேர் வாழும் வீடும் ஆறு பேர் வாழும் வீடும் ஒரே கட்டணம் செலுத்தும் இந்த முறை எளிமையானது. ஆனால் எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்ற செய்தியை அது எவருக்கும் தருவதில்லை. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட 2019ஆம் ஆண்டின் கோடையில், குழாய்க்கு நிலையான கட்டணத்தைச் செலுத்திக்கொண்டே குடும்பங்கள் லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் தனித்தனியாகச் செலவழித்தன. வாரியத்தின் ரசீதில் இருப்பது தண்ணீரின் விலையில் ஒரு பகுதியே.

மற்றொரு பகுதி மின்கட்டணத்துக்குள் மறைந்திருக்கிறது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அந்தத் திறனுள்ள மோட்டார் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடினால் குறைந்தது முக்கால் யூனிட் வீதம் இரு மாதங்களுக்கு 45 யூனிட் ஆகிறது. இலவசமாகக் கருதப்படும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், இலவச மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சாப்பிட்டுவிடுகிறது. நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க அந்த அளவு இன்னும் கூடுகிறது. 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கோடையின் முடிவில் தூர்வாரிச் சரிசெய்யும் குடும்பம், தண்ணீர் செலவோடு மின்செலவையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

கழிவுநீரைப் பொறுத்தவரை, பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத புறநகர் வீடுகளுக்கு ஒரு கடுமையான பொறுப்பு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிச் செப்டிக் டேங்குக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றமாக்கி, முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை வகுத்துள்ளது. பணியமர்த்துபவர் எவராயினும் இது பொருந்தும். வீட்டுக்காரரும் அதற்கு விலக்கல்ல. செலவு மிச்சம் என்று உறிஞ்சும் லாரியை அழைக்காமல் ஆளை இறக்கும் வழக்கத்தால் இன்றும் உயிர்கள் போகின்றன. முதல் வீட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் லாரிக்கான தொகையைத் தனியாக ஒதுக்கிவைப்பது அறத்தின்பாற்பட்ட கடமை.

ஆளைப் பின்தொடரும் எரிவாயு

எரிவாயு இணைப்பு ஒருவரின் பெயரிலும் ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றிலும் பதிவாகிறது. 2015 ஜனவரி முதல் மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை நாடெங்கும் வந்தபோது இந்தப் பிணைப்பு உறுதியாயிற்று. ஒரே சமையலறையைப் பகிரும் குடும்பத்துக்கு ஓர் இணைப்பு என்பது விதி. 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கான வைப்புத்தொகை ரூ. 1,450இலிருந்து ரூ. 2,200 ஆகவும், ரெகுலேட்டருக்கானது ரூ. 150இலிருந்து ரூ. 250 ஆகவும் உயர்ந்தன. இணைப்பைத் திரும்ப ஒப்படைக்கும்போது இந்த வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். அதற்கான சான்று, இணைப்பு பெறும் நாளில் தரப்படும் சந்தாச் சீட்டு. அதைத் தொலைத்துவிடும் குடும்பங்கள் ஊர் மாறும்போது அலைய வேண்டியிருக்கிறது.

சிலிண்டரை வாங்கும்போது இரண்டு குறிகளைப் பார்க்க வேண்டும். கைப்பிடியைத் தாங்கும் தகட்டின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை எனக் காலாண்டைக் குறிக்கும். 'பி 27' என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அந்த உருளை மறுசோதனைக்குப் போக வேண்டும். அந்தக் காலம் கடந்த உருளையைத் திருப்பி அனுப்பலாம். அதே தகட்டில் காலி உருளையின் எடையும் இருக்கும், அதனுடன் 14.2 கிலோவைக் கூட்டி வரும் எடை இருக்கிறதா என்று கொண்டுவருபவரிடம் நிறுத்துக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

ஆளின் பெயரில் இருப்பதால் எரிவாயுவை எங்கும் எடுத்துச் செல்லலாம் என்ற எண்ணத்தில் முகவரியை மாற்றாமலே வீடு மாறுவது பரவலாக நடக்கிறது. எண்ணெய் நிறுவனங்களின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் சொத்துச் சேதத்துக்கான இழப்பீடு பதிவான முகவரியைச் சார்ந்தது என்பதால், அந்தச் சோம்பலின் விலை விபத்து நேரும் நாளில்தான் தெரியவரும். கசிவு நேர்ந்தால் அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். எனவே வாசம் வந்தவுடன் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கதவு, சன்னல்களைத் திறப்பதே முதல் செயல்.

ஏடுகளைக் குடும்பத்தோடு பொருத்துதல்

மூன்று கணக்குகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு பொதுத்தன்மை புலப்படுகிறது. மின்சாரத்தில் தனி இணைப்பு உள்ளவருக்கும், தண்ணீரில் ஏரிநீர் தவறாமல் வந்துசேரும் தெருவில் கட்டடம் வைத்திருப்பவருக்கும், எரிவாயுவில் ஆவணங்கள் சீராக உள்ளவருக்கும் பொதுப்பணத்தின் பயன் முழுமையாகச் சேர்கிறது. ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்பவர், புறநகரில் குடியேறியவர், அடிக்கடி இடம்பெயரும் தொழிலாளர் ஆகியோருக்கே அது குறைகிறது. சலுகையின் அளவைக் கூட்டுவதால் மட்டும் இந்தக் குறை தீராது; 100 யூனிட்டை 200 ஆக்கினாலும் தனி மீட்டர் இல்லாத குடும்பத்துக்கு அதில் பங்கு கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. உரிமையாளரின் ஒப்புதலை எதிர்பார்க்காமல், குடியிருப்பவர் என்ற தகுதியிலேயே வாடகைதாரர் தனி மீட்டர் பெறும் நடைமுறையை 43ஆவது பிரிவின் சொற்களுக்கு இணங்க எளிமையாக்கலாம். ரீடிங் தாமதமானால் படிநிலையின் எல்லைகளை நாட்களின் எண்ணிக்கைக்கேற்ப நீட்டிக் கணக்கிடலாம். 64 நாள் கணக்கில் 500 என்ற எல்லை 533 ஆகிவிட்டால் மேலே கண்ட ரூ. 249 இழப்பு நேராது. சப் மீட்டருக்கு வசூலிக்கும் விலை வாரியத்துக்குக் கட்டிய சராசரி விலையை மிஞ்சக் கூடாது என்று வாடகைச் சட்டத்தின் விதிகளிலேயே சொல்லிவிடலாம்.

அதுவரை குடும்பத்தின் கையில் இருப்பது தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் பழக்கம்தான். ரீடிங் எடுத்த தேதியும் எண்ணும், வைப்புத்தொகைகளின் ரசீதுகள், வரி கட்டிய அரையாண்டு, சிலிண்டர் மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதிவரும் வீட்டில், ஒரு பில் தவறாக வந்தால் அது தவறு என்று சொல்லவும், சொன்னதை நிறுவவும் முடியும். நிறுவன ஏடுகள் குடும்பத்தைப் பாதியளவே பதிவு செய்யும் நிலையில், மறுபாதியைப் பதிவு செய்வது குடும்பத்தின் பொறுப்பாகிறது. குறைதீர்க்கும் மன்றத்திலும் வாடகைச் சட்டத்தின்கீழ் வரும் வாடகை அதிகார அமைப்பிலும் வாடகைதாரருக்கும் சிறு நுகர்வோருக்கும் ஆதாரமாக அந்த நோட்டுதான் நிற்கும்.